ஆடி முடியுமுன் முடிந்த தள்ளுபடி

1

வெளியூர் வாழ்க்கை பற்றி இந்த ஆண்டும் ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். குடியாத்தத்தில் ரயில் ஏறினால், கட்டிக்கொண்டு வந்த இட்லி ஆறுவதற்குள் பெங்களூர் கன்டோன்மென்ட் வந்துவிடும். இதை வெளியூர் என்பதே சற்று அதிகம். இருந்தும் ஊர் மலரில் துபாய்க்காரருக்கும் சிங்கப்பூர்க்காரருக்கும் நடுவில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டீர்கள். அவர்களுக்காவது விசா உண்டு. தாங்கள் ஊரைவிட்டுப் போனவர்கள் என்பதற்குக் கையில் ஆதாரம் உண்டு. என்னைப் போன்றவன் போனானா, இன்னும் அங்கேதான் இருக்கிறானா என்பது ஊராருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. போன மாதம்தான் எனக்கு அது தெரியவந்தது. தெரிவித்தது ஒரு துணிக்கடை.

கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய மூன்று மாடிக் கடை அது. பெயர் வேண்டாம். விளம்பரம் செய்ததாக ஆகிவிடும், அவர்களும் அதற்கெல்லாம் செலவு செய்பவர்கள் அல்லர். புதிய மால்களைப் போல அங்கே நாமே துணியை எடுத்துத் தோளில் போட்டுப் பார்க்க முடியாது. மர கவுண்டருக்கு அந்தப் பக்கம் விற்பனையாளர் நிற்பார், இந்தப் பக்கம் நாம் உட்கார வேண்டும். அவர் பிரிப்பார், நாம் தலையசைக்க வேண்டும். பிடித்துவிட்டால் ஒரு சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டோடு கீழே போய்ப் பணம் கட்டி, முத்திரை வாங்கி, கட்டடத்தின் பின்பக்கம் போனால் துணி நமக்கு முன்பே அங்கே வந்து காகிதத்தில் கட்டப்பட்டுக் காத்திருக்கும். எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. அரசாங்க அலுவலகத்தில் வாழ்நாள் முழுக்கக் கணக்குத் தணிக்கை செய்தவனுக்கு இந்த நடைமுறை மனநிறைவு தருவது. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. சீக்கிரம் வீட்டுக்கும் போக முடியாது.

ஆண்டுக்கு ஒருமுறை, ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ, கடையின் நெற்றியில் சிவப்பு பேனர் ஏறும். தள்ளுபடி. தரைத்தளத்தில் பனியன், துண்டு, போர்வை எல்லாம் மேசைமேல் மலையாகக் கொட்டப்பட்டிருக்கும். அன்று மட்டும் கவுண்டர் ஒழுங்கு தளரும். கான்வென்ட் டீச்சர்களும் ரிட்டயர்டு ராணுவ அதிகாரிகளின் மனைவிகளும் ஒரே போர்வையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு புன்னகையோடு இழுப்பார்கள். படிக்கட்டு ஓரமாகக் கணவர்களுக்கென்று நாலைந்து நாற்காலிகள் உண்டு. அங்கே உட்காரும் எங்களுக்குள் பெயர் தெரியாத நட்பு. ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்போம், சர்க்கரை அளவு விசாரிப்போம், பிரிவோம்.

என் மனைவி வசந்தா அல்சூரில் பிறந்தவள். அவளுடைய தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்துவிட்ட குடும்பம். கல்யாணமான முதல் ஆண்டே என்னை அந்தக் கடைக்கு இழுத்துப் போனாள். ஆடிமாதத் தள்ளுபடி என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஆடி சேல் என்றுதான் பெயர். பேனர் ஏறினால் ஆடி பிறந்தது. பேனர் இறங்கினால் ஆடி போனது. அப்புறம் யாராவது கல்யாணப் பத்திரிகை நீட்டுவார்கள்.

2

என் மகள் நிவேதிதா ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். அவள் தமிழ் பேசுவாள், படிக்கமாட்டாள். கன்னடம் இரண்டும் செய்வாள். அவளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டியிருந்தபோது தமிழ்நாட்டில் விசாரித்தேன், இவள் இந்த மாநிலத்துப் பெண் இல்லை என்றார்கள். இங்கே விண்ணப்பத்தில் தாய்மொழி தமிழ் என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு சான்றிதழ் கேட்டார். கேட்டதைக் கொடுத்தேன். கேட்காததையும் கொடுத்தேன், அது என் பழக்கம். நிவியைச் சொந்த ஊர் எது என்று கேட்டால் காக்ஸ் டவுன் என்பாள். குடியாத்தம் அவளுக்கு அத்தை ஊர்.

அந்த அத்தை என் அக்கா. அம்மா அப்பா போன பிறகு எங்கள் பக்கத்துப் பெரியவர் என்று இருப்பது அவள் ஒருத்திதான். மாமாவும் போய்விட்டார். அக்கா வீட்டில் அவளும் மகள் சாந்தியும்.

நிவி தன் அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் சுஹாஸைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னபோது எங்களுக்குப் பெரிதாக ஆட்சேபம் எழவில்லை. பையன் தும்கூர்க்காரன், கன்னடக் குடும்பம். அப்பா ரிட்டயர்டு கல்லூரி ஆசிரியர். அம்மா கிரிஜம்மா வீட்டை ஆள்பவர். நிச்சயதார்த்தத்தைத் தும்கூரில் அவர்கள் வீட்டோடு எளிமையாக வைத்தார்கள். அக்காவுக்கு அப்போது முட்டிவலி, வரவில்லை. அடுத்த சில நாளில் ஆஷாட மாதம் பிறந்துவிட்டது. அது கன்னடர்களுக்கு ஆடிமாதம் மாதிரி. நல்ல காரியம் எதுவும் செய்யமாட்டார்கள். அது கழிந்ததும் வரும் முகூர்த்தங்களில் மூன்றைச் சம்பந்தி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அதே துணிக்கடை கொடுத்த காலண்டர்தான். கன்னட மாதம், கன்னடத் திதி. ஆஷாடம் ஜூலை கடைசி வாரத்தில் அமாவாசையோடு முடிகிறது. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் சிராவண மாதத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. சரி என்று பதில் போட்டேன். வசந்தாவும் சரி என்றாள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டினேன், ரசீதை நகல் எடுத்தேன், நகலைத் தனி உறையில் வைத்தேன். எல்லாம் முறைப்படி.

பிறகு அக்காவுக்கு போன் செய்தேன்.

"தேதியைச் சொல்லுடா" என்றாள். சொன்னேன்.

அங்கே காலண்டர் சுவரில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன்டா, அது ஆடிடா."

"இல்லக்கா, ஆஷாடம் அமாவாசையோட முடிஞ்சுடுது."

"ஆஷாடம் இன்னாடா ஆஷாடம்? ஆடின்னு சொல்ல வாய் வரலியா உனக்கு? இந்த வருசம் ஆடி பொறந்த ஒரு வாரத்துல அமாவாசை வருது. அப்புறம் மூணு வாரம் ஆடி அப்படியே கெடக்குது. நீ பாதி ஆடியில கல்யாணம் வச்சிருக்கிற."

கணக்கு எனக்கு உடனே விளங்கிவிட்டது. கன்னட மாதம் சந்திரனைப் பார்த்து நடப்பது, அமாவாசையில் முடிவது. நம் மாதம் சூரியனைப் பார்த்து நடப்பது, அமாவாசையை அது கண்டுகொள்வதே இல்லை. கன்னடர்களின் விலக்கு மாதம் நமக்கு முன்னால் தொடங்கி நமக்கு முன்னால் முடிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். ஆனால் இத்தனை ஆண்டுகளாக என் வீட்டில் ஆடியைத் தொடங்கியதும் முடித்ததும் பஞ்சாங்கம் அல்ல, அந்தக் கடையின் பேனர். அது ஆஷாடத் தள்ளுபடி. நாங்கள் அதற்கு ஆடி என்று பெயர் வைத்து, கடை சொன்ன நாளில் ஆடியை முடித்துக்கொண்டிருந்தோம். அல்சூர் கோயிலில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வரும் நாளில் எந்தெந்தப் பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியும். மாதம் என்றைக்கு முடிகிறது என்று நிமிர்ந்து பார்த்ததில்லை.

"மாத்துடா தேதியை" என்றாள் அக்கா. "நான் ஒருத்தியை ஆடியில குடுத்துட்டேன். ஒருத்தி போதும் எனக்கு."

3

சாந்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் பலருக்குத் தெரிந்ததுதான், தெரிந்தவர்கள் தங்களுக்குத் தெரியும் என்பதை அவளிடம் காட்டாமலும் இருந்ததில்லை.

சாந்திக்கு மாப்பிள்ளை குவைத்திலிருந்து வந்தார். விடுமுறை குறைவு. ஆவணி வரை இருக்க முடியாது என்றார்கள். ஆடி கடைசியில், காலம் மாறிப்போச்சு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டே, தாலி கட்டினார்கள். இரண்டு ஆண்டில் அவள் பெட்டியோடு திரும்பி வந்தாள். அந்த மனிதரின் குடி, அடி, பொய் எதுவும் ஊர்ப் பேச்சில் நிற்கவில்லை. நின்றது ஆடி ஒன்றுதான். "ஆடியில பண்ணிக்கினா வேற எப்படி இருக்கும்" என்று முடித்துவிட்டார்கள். சாந்தி ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். நன்றாகப் பேசுவாள், சிரிப்பாள். யார் கல்யாணத்துக்கும் போகமாட்டாள். அழைப்பவர்களும் அக்காவின் பெயரை மட்டும் உறையில் எழுதப் பழகிவிட்டார்கள்.

ஆகவே அக்கா மூடநம்பிக்கைக்காரி என்று நான் வாதாட முடியாது. அவளுக்கு இது நம்பிக்கை அல்ல, அனுபவம்.

தேதியை மாற்ற நான் முயலவில்லை என்று யாரும் சொல்லவேண்டாம். மண்டபத்தின் அச்சடித்த நிபந்தனைகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஏழாவது நிபந்தனைப்படி தேதி மாற்றலாம், வேறு நாள் காலியாக இருக்கவேண்டும். ஆவணி முழுக்க நிரம்பியிருந்தது. புரட்டாசியில் நாமும் செய்வதில்லை, அவர்களும் பித்ருபட்சம் என்கிறார்கள். அதற்கப்புறம் காலியாக இருந்த முதல் நாள் மார்கழியில் என்று மேனேஜர் சொன்னார். மார்கழி எங்களுக்கு ஆகாது என்றேன். "சார், உங்களுக்கு எதுதான் ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேறு மண்டபங்களுக்கும் நடந்தேன், அங்கேயும் ஆவணியில் இடமில்லை. இதற்கு நடுவில் சுஹாஸை ஆபீஸில் செப்டம்பரிலிருந்து ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள், மனைவியோடு போக விசா வாங்கத் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தாலி கட்டிய போட்டோ, பத்திரிகை, மூன்று சாட்சி. அந்த நடைமுறை எனக்கு அத்துப்படி. அத்துப்படியாக இருப்பதால் எதுவும் மாறிவிடவில்லை.

நிவியிடம் சொன்னேன். லேப்டாப்பை மூடாமலே கேட்டுக்கொண்டாள்.

"அத்தைக்கு ஏன்ப்பா இவ்ளோ பேஜாரு? அவங்க மன்த் வேற, நம்ம மன்த் வேற. எது முடிஞ்சுதோ அதைப் பாத்துக்கலாம்ல?"

"நம்ம மாசம் எதும்மா?"

யோசித்தாள். "எதுப்பா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

பிறகு அவளாகவே அத்தைக்கு போன் செய்தாள். கதவு மூடியிருந்தது. வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "வரமாட்டாங்களாம். ஆனா என்மேல கோவம் இல்லையாம். அது இன்னும் கஷ்டமா இருக்கு" என்றாள். அன்றிரவு சாப்பிடவில்லை. சொந்த ஊர் காக்ஸ் டவுன் என்று சொல்லும் பெண்ணுக்கு அந்த ஒரு கிழவி வராதது இத்தனை பெரிய விஷயமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுற்றிலும் ஆள் இருந்தாலும், அப்பா பக்கத்தில் கூப்பிட வேறு பெரியவர் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

4

ஒரு வாரம் கழித்து அக்காவே அழைத்தாள்.

"உங்க ஊர்ல ஏதோ கடையில ஆடித் தள்ளுபடின்னு வசந்தா எப்பவும் சொல்லிக்கினு இருப்பாளே. இன்னும் ஓடுதா?"

"ஓடும்க்கா" என்றேன். திருந்தாத வாய்.

"அமாவாசைப் படையலை முடிச்சிட்டு மத்தியான ரயிலுக்கு வரேன். வந்து நிவிக்கு ஒரு பொடவை எடுத்துக் குடுத்துட்டுப் போறேன்."

"கல்யாணத்துக்கா?"

"நான் கல்யாணம்னு சொன்னேனா? ஆடித் தள்ளுபடியில எடுத்தா அது கல்யாணப் பொடவை ஆவாது. சும்மா பொடவை. அத்தை சும்மா ஒண்ணு எடுத்துக் குடுத்தா. அவ்ளோதான். அதுல ஒரு தப்பும் கெடையாது."

இந்த வாதத்தை என் அலுவலகத்தில் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் பாராட்டி ஒப்புதல் கொடுத்திருப்பேன். கொடுக்கவும் வேண்டும், கொடுத்ததாகவும் இருக்கக் கூடாது. தள்ளுபடி விலைதான் அதற்கு வழி. ஆடியில் குறைந்த விலைக்கு வாங்கியது ஆசீர்வாதத்தில் சேராது. ஆசீர்வதிக்காத வரை அவள் கை படவில்லை. அவள் கை படாத வரை நிவிக்கு ஒன்றும் ஆகாது. சாந்திக்கு நடந்ததிலிருந்து அக்கா தன்னைத்தான் ஒதுக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த போனில்தான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை மாலை அவளைக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் அழைத்துக்கொண்டேன். அன்று அமாவாசை. அங்கே மாமாவுக்கு இலை போட்டுப் படைத்துவிட்டு வந்திருந்தாள். இங்கே அதே அமாவாசையில் பெண்கள் உயிரோடிருக்கும் கணவனை உட்கார வைத்துக் காலுக்குப் பூஜை செய்வார்கள். ஆட்டோ போன வழியில் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெரியவர் கால் கழுவிவிட்ட ஈரத்தோடு, செய்வதறியாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா பார்த்தாள். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வசந்தாவும் நிவியும் அதே கடையில் கிரிஜம்மாவைச் சந்திப்பதாக ஏற்பாடு. ஆஷாடம் முடிந்த மறுநாள், முகூர்த்தப் புடவை எடுக்க. அக்காவைச் சனிக்கிழமை தனியாக அழைத்துப்போகலாம் என்று நான் திட்டமிட்டிருந்தேன். இருவரும் சந்திக்காமல் கழிந்தால் நல்லது என்பது என் நிர்வாக முடிவு. அக்கா அதைக் காலைக் காப்பியோடு ரத்து செய்தாள்.

"எல்லாரும் போற கடைக்கு நான் மட்டும் நாளைக்கு ஏன் போவணும்? நான் இன்னா தீண்டத்தகாதவளா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். "வாங்க அண்ணி, சேர்ந்தே போலாம்" என்றாள்.

5

கடை வாசலில் ஏணி சாய்த்து பேனரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதை அண்ணாந்து பார்த்தாள். உள்ளே மேசைகள் காலி. பனியன் மலைகள் எல்லாம் மறைந்து, துணிகள் மறுபடியும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் அடங்கிவிட்டிருந்தன.

இரண்டாம் மாடியில் பட்டுப் பிரிவில் மஞ்சுநாத் நின்றார். எங்களுக்குப் பழக்கமானவர். தமிழரிடம் தமிழ், கன்னடரிடம் கன்னடம், மிச்சப் பேரிடம் இந்த ஊருக்கே உரிய தக்னி இந்தி.

"தள்ளுபடியில ஒரு பொடவை காட்டுப்பா" என்றாள் அக்கா.

"சேல் நேத்தோட முடிஞ்சுதும்மா. ஆஷாடம் முடிஞ்சுது இல்லையா."

"யோவ், ஆடி பொறந்தே ஒரு வாரம்தான் ஆவுது. அதுக்குள்ள எப்படிய்யா முடியும்? காலண்டரை மொத்தமா கிழிச்சிட்டீங்களா?"

"இந்த ஊர் ஆடி முடிஞ்சுதும்மா" என்று மஞ்சுநாத் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். கணக்கு தெரிந்தும் போனில் ஓடும் என்று சொன்னவன் நான்தான். இவள் மூட்டுவலியோடு வந்தது தள்ளுபடி விலைக்காக. அது இல்லை என்றால் எந்தப் புடவை எடுத்தாலும் அது கல்யாணப் புடவை ஆகிவிடும். அதை அவள் எடுக்கமாட்டாள். வெறுங்கையோடு திரும்பிப் போவாள்.

மஞ்சுநாத் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவந்தார். "இருங்கம்மா. மிச்சம் ரெண்டு மூணு இருக்கு. உங்களுக்காகப் பழைய ரேட்டே போட்டுத் தரேன்." அலமாரியின் அடியிலிருந்து ஒரு நீலத்தை எடுத்து ஓரமாக வைத்தார். அக்கா மூச்சு விட்டாள். "அதான் கேட்டேன்" என்றாள்.

அப்போது கிரிஜம்மா படியேறி வந்தார். உயரமான பெண்மணி, தலை நிறையப் பூ. எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அக்காவிடம் கைகூப்பி ஏதோ கேட்டார், அக்கா கைகூப்பியதோடு நிறுத்திக்கொண்டாள். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. அக்கா நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து, கடைக்கு வந்த யாரோ போல, தன் நீலப் புடவையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மட்டும் இல்லை. அந்த மாடி முழுக்கக் கல்யாண வீடுகள். மாதம் முழுக்க அடக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அன்று காலை ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள் போலிருந்தது. விரித்த பட்டுகள் கவுண்டர் தாண்டி வழிந்தன. அக்கா தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்த்தாள்.

முகூர்த்தப் புடவைக்கு நிறைய விரித்தார்கள். நிவிக்கு எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் மஞ்சுநாத் அடுக்கின் ஆழத்திலிருந்து ஒரு அரக்குச் சிவப்பை உருவினார். மெல்லிய கரை, அதிகம் மினுங்காத ஜரிகை. "இது!" என்றாள் நிவி. கிரிஜம்மாவும் விரல்களில் எடுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். அப்போது முந்தானையில் தொங்கிய விலைச்சீட்டு கண்ணில் பட்டது. சிவப்பு மையால் பழைய விலையை அடித்துப் புதியது எழுதியிருந்தது.

"இதுவும் சேல்ல இருந்ததுதான் மேடம். அந்த ரேட்டே போட்டுடறேன்" என்று மஞ்சுநாத் கன்னடத்தில் சொன்னார்.

கிரிஜம்மாவின் கை புடவையிலிருந்து எழுந்துவிட்டது. "பேடா" என்றார். வேண்டாம். "இது மதுவே சீரே. ஆஷாட ரேட் பேடா." கல்யாணப் புடவைக்கு ஆஷாட விலை கூடாதாம்.

"புடவை அதேதான் மேடம்."

முழு விலை போட்டால் எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் உள்ளே வையுங்கள் என்றார் கிரிஜம்மா. குரல் உயரவில்லை. மஞ்சுநாத்துக்கு நம்ப முடியவில்லை. தள்ளுபடி கேட்டுச் சண்டை போட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். தள்ளுபடி வேண்டாம் என்று சண்டை போடுபவர் புதிது. நிவி, "ஆன்ட்டி, சும்னே யாகே எக்ஸ்ட்ரா குடுக்கணும்?" என்று கன்னடத்திலும் தமிழிலுமாக ஆரம்பித்தாள், சும்மா எதற்கு அதிகம் கொடுப்பது என்று. கிரிஜம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, உனக்குத் தெரியாது மகளே, விட்டுவிடு என்றார்.

"இன்னா சண்டை அங்க?" என்றாள் அக்கா என்னிடம்.

சொன்னேன்.

"விலையைக் குறைக்க வேணாம்னா சொல்றாங்க?"

"ஆமாக்கா. ஆஷாடத் தள்ளுபடியில எடுத்தா அது கல்யாணப் புடவை இல்லையாம்."

அக்கா என்னை விட்டுவிட்டுக் கிரிஜம்மாவைப் பார்த்தாள். நன்றாக, மேலிருந்து கீழ்வரை. ஒரு கைதேர்ந்த தணிக்கையாளர் இன்னொரு தணிக்கையாளரைப் பார்ப்பது போல இருந்தது அது. எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"ஏய் நிவி, இங்க வா. அவங்க ஊட்ல அந்த மாசத்துல இன்னா இன்னா செய்யமாட்டாங்கன்னு கேளு."

நிவி கேட்டாள். கிரிஜம்மா விரல்விட்டுச் சொன்னார். கல்யாணம் இல்லை, பெண் பார்ப்பது இல்லை, புது வீடு போவது இல்லை. புது மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும், மாமியாரும் மருமகளும் ஒரே வாசற்படி தாண்டக்கூடாது. நிவி ஒவ்வொன்றையும் தமிழாக்கினாள். பாதியில் வார்த்தை கிடைக்காமல் இங்கிலீஷில் விழுந்து எழுந்தாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் "உம்", "உம்" என்றாள், பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைக் கேட்பது போல. எதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்ப முடிஞ்சுதாம்?"

"நேத்து அமாவாசையோடயாம் அத்தை. நேத்து அங்கிளை உக்காரவச்சுக் காலுக்கு பூஜை பண்ணாங்களாம். ஹஸ்பெண்டுக்கு லாங் லைஃப் வேணும்னு."

அக்கா நீலப் புடவையைத் தடவுவதை நிறுத்தினாள். "நேத்து நானும் எங்க ஊட்டுக்காரருக்கு எலை போட்டுட்டுதான் வந்தேன்னு சொல்லு" என்றாள்.

நிவி தயங்கினாள். பிறகு சொன்னாள். எந்தச் சொல்லால் சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை. கிரிஜம்மா பக்கத்து நாற்காலியிலிருந்து தன் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தார். "பன்னி, கூத்கொள்ளி" என்று அந்த நாற்காலியைத் தட்டினார். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கடை ஓரத்திலிருந்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அரக்கு நல்லாதான் இருக்குது" என்றாள், பொதுவாக. பிறகு நிவியிடம், "பொறுப்பு அவங்களோடதுன்னு சொல்லு. மாசம் முடிஞ்சுதுன்னு அவங்க சொல்றாங்க, நான் கேட்டுக்கறேன். நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா இந்தம்மாவைத்தான் வந்து கேப்பேன்."

"அத்தை, இதையெல்லாம் எப்படி சொல்றது?"

"சொல்லுடின்னா."

சொன்னாள். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். கிரிஜம்மா சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஒரு நிபந்தனையைப் படித்துக் கையெழுத்துப் போடுபவரின் நிதானத்தோடு, "கேளி" என்றார். கேளுங்கள்.

6

இதை நீங்கள் படிக்கும்போது திருமணம் முடிந்திருக்கும். சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேரைத் தயார் செய்துவிட்டேன், அவர்களுடைய அடையாள அட்டை நகல்களையும் வாங்கிவிட்டேன். ஜெர்மன் தூதரகம் எந்தக் காகிதத்தையெல்லாம் மொழிபெயர்க்கச் சொல்கிறது என்பதையும் பார்த்தாயிற்று. இனி என் மகள் தன் சொந்த ஊர் எது என்பதை ஒரு வெள்ளைக்காரருக்குப் புரியவைப்பாள். எனக்கு அதில் பங்கு இல்லை. சோர்வாக இருக்கிறது, ஆனால் காகிதங்கள் ஒழுங்காக இருக்கின்றன.

அன்று கடையில் மீதி நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அரக்குச் சிவப்பு முழு விலையில் எழுதப்பட்டது. மஞ்சுநாத் எங்களை இழக்க விரும்பாமல், ஓரமாக வைத்த நீலத்தை அக்காவிடம் நகர்த்தினார். அக்கா அதைத் திருப்பித் தள்ளினாள்.

"இது இருக்கட்டும். முழு ரேட்டுல ரெண்டு எடு."

"யாருக்குக்கா?" என்றேன்.

"ஒண்ணு நிவிக்கு. அத்தை பொடவை."

"இன்னொண்ணு?"

அவள் விரித்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டச் சொன்னாள். கடை ஒழுங்கை மீறி வசந்தாவின் தோளில் போட்டுப் பார்த்தாள், இவளைவிட அவள் கொஞ்சம் நிறம் கம்மி என்று தனக்குள் சொன்னாள். கிரிஜம்மா கரையைத் தொட்டு, நன்றாயிருக்கிறது என்று தலையசைத்தார்.

"சாந்திக்கு" என்றாள் அக்கா. "முகூர்த்தத்துக்கு அவ பழசையா கட்டிக்கினு வருவா?"

வசந்தா என் கையைப் பிடித்தாள். நிவி என்னவோ கேட்க வாயெடுத்து, கேட்காமல், அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ஏய், பட்டுமேல கண்ணீர் பட்டா கறையாயிடும், தள்ளு" என்றாள் அக்கா. தள்ளவில்லை.

மஞ்சுநாத் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். இத்தனை முழு விலைக்கு அவர் மனம் கேட்கவில்லை போலிருக்கிறது.

"அம்மா, இது ஒண்ணுக்காவது கொஞ்சம் கம்மி பண்ணிப் போடட்டுமா?"

கத்திரிக்காய்க்கும் ஆட்டோவுக்கும் மருந்துக்கும்கூட பேரம் பேசாமல் விடாத என் அக்கா, மயில்கழுத்தின்மேல் கையை வைத்தாள்.

"இதுக்கு ஒரு பைசா குறைக்காதே" என்றாள்.